இருநூற்றுப் பன்னிரண்டு நாடாக்கள்

தாணுலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

முழுப்பெயர் அமலோற்பவம். அமலி டீச்சர் என்று சொன்னால்தான் அந்தக் கடற்கரையில் யாருக்கும் தெரியும். சந்தியாகுபுரத்து மீனவர் வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. தாணுலிங்கம் நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் ஊர் ஊராக எல்லைக்கல் நட்டுவிட்டு, ஓய்வு பெற்றுத் திசையன்விளையில் வீட்டோடு இருந்தவர். சர்க்கரை ஏறிவிட்டது, நடங்கள் என்றார் மருத்துவர். கடற்கரைக்கு நடக்கப் போனவரை டீச்சர் ஓட வைத்துவிட்டார்.

முதல் நாள் அரைக் கிலோமீட்டரிலேயே அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை, தைரியமும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு மூச்சு அடங்கும்வரை கரைவலை இழுப்பவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே தாணுலிங்கத்துக்கு டீச்சரைப் பிடித்துப்போயிற்று.

மூன்று வருடம் போனது. அவர் டீச்சர் என்று கூப்பிட்டார், டீச்சர் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார். யார் பெரியவர், யார் சின்னவர் என்ற கணக்கு இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

தை மாதம் வந்தால் சந்தியாகுபுரத்தில் கடலோட்டம். கோயில் வாசலில் தொடங்கி, கரையோரமாகப் போய், செம்மணல் மேடான தேரியில் ஏறி, தேரியடிச் சுனையைத் தொட்டு, முருங்கைத் தோட்டங்கள் வழியாகத் திரும்பக் கோயிலுக்கே வரவேண்டும். பதினான்கு கிலோமீட்டர். தார் ரோடு ஓர் அடிகூடக் கிடையாது. எங்கெங்கிருந்தோ நூற்றைம்பது பேர் வந்து ஓடுவார்கள். முதல் நாளே டீச்சர் பை நிறைய மஞ்சள் துணி நாடாக்களோடு போய், மரத்திலும் முள்ளிலும் குச்சியிலும் கட்டிவிட்டு வருவார். நாடா காட்டும் திசையில் ஓட வேண்டும், அவ்வளவுதான் விதி.

தாணுலிங்கம் மூன்று வருடமும் முதல் இருபது பேருக்குள் வந்தார். வந்ததும் கஞ்சி குடிப்பார், பஸ் பிடிப்பார், வீட்டுக்குப் போய் மனைவி ஆவுடையம்மாளிடம் கடலையும் தேரியையும் பற்றி மத்தியானம்வரை பேசுவார். டீச்சர் எப்போது வந்தார் என்று அவருக்குத் தெரியாது. பாவம், வேலை இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

நான்காம் வருடம் கார்த்திகையில் டீச்சருக்கு மாற்றல் வந்தது. வருகிற ஜூன் மாதம் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும்.

இனிமேல் யார் பாதை போடுவது? அந்தப் பை யாருக்கு? ஊரில் இருபது பேர் கேட்டுக்கொண்டார்கள். தாணுலிங்கம் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே வெந்துகொண்டிருந்தார். அந்தப் பை தனக்கு வேண்டும் என்று அவர் மனசு அடித்துக்கொண்ட மாதிரி, உத்தியோகத்தில் பதவி உயர்வுக்குக்கூட அடித்துக்கொண்டதில்லை.

ஒரு நாள் ஓட்டம் முடிந்து, டீச்சர் காலணியைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அவர் சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

“டீச்சர், நல்ல பாதைன்னா எது?”

டீச்சர் அடுத்த காலணியைக் கழற்றினார்.

“இந்த வருசம் நீங்க போடுங்க அண்ணாச்சி. பொறவு சொல்லுதேன்.”

“நல்லா வந்துட்டுன்னா?”

“பை உங்களுக்கு.”

தாணுலிங்கத்துக்கு உடனே எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. டீச்சர் கையைக் காட்டி உட்கார வைத்தார். ஒரு நிபந்தனை இருந்தது. பாதை போட்டவர் வாலாக வரவேண்டும்.

வால் என்றால் எல்லாருக்கும் கடைசியில் வருகிறவர். கடைசி ஆளை அவர் முந்தக் கூடாது. சீக்கிரம் என்று சொல்லக் கூடாது, இப்படிப் போ, அப்படிப் போ என்று வழியும் சொல்லக் கூடாது. ஒரு நாடா மிச்சமில்லாமல் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டும். நாளைக்கு அந்த வழியில் போகிற ஆட்டுக்குக்கூட அங்கே ஓட்டம் நடந்தது தெரியக் கூடாது.

இத்தனை வருடமும் டீச்சர் ஏன் தாமதமாக வந்தார் என்பது தாணுலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. முன்னால் ஓடுகிறவர்கள் தன் பாதையைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கூடவே ஓடிக் கேட்க ஆசைப்பட்டிருந்தார்.

ஆனாலும் போட்டார். அப்படி ஒரு போடு போட்டார். இருபது நாள் காகிதத்தில் வரைந்தார், பத்து நாள் ஓடிப் பார்த்தார். வளைந்து கிடந்ததையெல்லாம் நேராக்கினார். அளந்து பழகிய கை, கோணலைக் கண்டால் பொறுக்காது. தண்ணீர் வைக்கிற இடம், தண்ணீர் கொடுக்கிறவர்கள் கிளம்ப வேண்டிய நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆறாவது கிலோமீட்டரில் கரை திரும்புகிற முனையில், கடலுக்குள் இரண்டு பாறைகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். தை மாதம் காலை ஆறு முப்பத்தெட்டுக்கு, அந்த முனையில் நின்றால், சூரியன் சரியாக இரண்டு பாறைக்கும் நடுவில் எழும்பும். அங்கேயே பிறந்து வளர்ந்த டீச்சருக்குக்கூட அது தெரியாது. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் ஆறு முப்பத்தெட்டுக்கு அங்கே வந்துவிடலாம். அவர் மூன்று முறை ஓடிப் பார்த்துவிட்டார்.

அன்று வீட்டில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆவுடையம்மாளிடம் அதையே மூன்று தடவை சொன்னார். அவள் கத்தியை நிறுத்தினாள்.

“எல்லாரும் பாப்பாகளா அத?”

“நாடா கட்டப்போறேன்லா. எல்லாரும் பாப்பாக.”

அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப நறுக்க ஆரம்பித்தாள்.

ஓட்டத்தன்று கோயில் வாசலில் நூற்று அறுபத்து மூன்று பேர் நின்றார்கள். தாணுலிங்கம் காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியில் போய் நின்றார். முந்தின நாள் இருநூற்றுப் பன்னிரண்டு நாடா கட்டியிருந்தார். எண்ணிக் கட்டினவர்.

அவருக்கு முன்னால் ஒரு பெண் குனிந்து காலணியின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். மருமகளுடைய சுடிதார், அவருடைய பழைய தொப்பி, இரண்டு ஜோடிக் காலுறை போட்டு இறுக்கிய அவருடைய பழைய காலணி. நிமிர்ந்தபோது அது ஆவுடையம்மாளாக இருந்தது.

வீட்டை விட்டு அவர் கிளம்பும்போது அவள் சமையல்கட்டில் இருந்தாள். எந்த வண்டியில் வந்தாள்? அவர் டீச்சரிடம் போனார். டீச்சர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நாலு மாசமா தெப்பக்குளத்தச் சுத்தி நடக்காக. உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?”

தெரியாது. நான்கு மாதமாக ஓடிவிட்டு வீட்டுக்கு வந்தால் காபி பிளாஸ்கில் இருந்தது. ஏன் பிளாஸ்கில் இருக்கிறது என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

விசில் ஒலித்தது. நூற்று அறுபத்திரண்டு பேர் ஓடினார்கள். ஆவுடையம்மாள் நடந்தாள். தாணுலிங்கம் அவளுக்குப் பின்னால் நடந்தார்.

இருட்டு விலகும்போது கரையில் அவர்கள் இருவர் மட்டும்தான். அவள் குட்டையான கால்களை எட்டி எட்டி வைத்தாள். அவருடைய நாடாக்கள் அவர் கண் உயரத்தில் கட்டியிருந்தன. அவளோ கால் வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள், பாதி நாடா அவள் கண்ணில் படவே இல்லை. இரண்டு முறை வழி மாறி, தானே திரும்பி வந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில், அவள் செய்கிற ஒரு வேலைக்கு அவர் யோசனை சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

ஆறு முப்பத்தெட்டானபோது அவர்கள் மூன்றாவது கிலோமீட்டரில் இருந்தார்கள். சூரியன் எங்கோ தாழைப் புதருக்குப் பின்னால் எழும்பியது. தூரத்தில், முனையில், முன்னால் போனவர்கள் ஓவென்று சத்தமிடுவது காற்றில் கேட்டது. அவர் நினைத்தபடியே நடந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை அவரால் ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை.

முனைக்கு அவர்கள் வந்து சேர ஏழே முக்கால் ஆயிற்று. கடல் ஏறியிருந்தது. அவர் நாடா கட்டிய குச்சிகளை நட்டிருந்த ஈர மணல் தண்ணீருக்குள் போயிருந்தது. நான்கு குச்சிகளைக் காணவில்லை. ஓடுகிறவர்களுக்குச் சிமெண்டுத் தரைபோல இருந்த பாதை போய், அவளுக்குக் கணுக்கால்வரை புதைகிற பொடிமணல்தான் மிச்சம். அவள் புதைந்து புதைந்து நடந்து முனையில் நின்றாள். கையை நெற்றிக்குக் கொடுத்துக் கடலைப் பார்த்தாள். வெயில் கண்ணில் குத்தியது.

“ஏங்க, உங்க சூரியன் எங்க?”

அவர் மேலே காட்டினார். அது பாறைகளுக்கு ஒரு பனை உயரத்துக்கு மேல், எந்த ஊரிலும் இருக்கிற சூரியனாக நின்றது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அவள். அவள் குறை சொல்லியிருந்தால் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

எட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேஜை இல்லை. எட்டு மணிக்குக் கிளம்பிவிடலாம் என்று எழுதிக் கொடுத்தது அவரேதான். தண்ணீர் கொடுக்க நின்ற பிள்ளைகள் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். அவர் தன் பாட்டிலைக் கொடுத்தார். அவள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, உங்களுக்கு வேணும்லா என்று மூடிக் கொடுத்தாள்.

அப்புறம் தேரி வந்தது.

அடியிலிருந்து உச்சிக்கு அவர் நாடா ஒரே கோடாகப் போயிற்று. வரைபடத்தில் அழகாக இருந்த கோடு. ஆவுடையம்மாள் ஏறினாள். செம்மணல் சரிந்து, ஏறின இடத்துக்கே அவளைக் கொண்டுவந்து விட்டது. இரண்டாம் தடவை பாதியில் சறுக்கி உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை அடிவரை வந்துவிட்டாள். முகமெல்லாம் செம்மண், உதட்டில் செம்மண். அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிவிடலாம் என்று போனார். அவள் வேண்டாம் என்று கையை அசைத்தாள்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு தரையை உற்றுப் பார்த்தாள். ஆட்டுப் புழுக்கை கிடந்தது. அது கிடந்த வழியிலேயே கண்ணை ஓட்டினாள். உடைமரத்துக்குப் பக்கத்தில் ஒற்றையடித் தடம் ஒன்று தேரியைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

“ஆடு இந்தப் பக்கமாத்தான் ஏறுது போல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் நாடாவை விட்டுவிட்டு அந்தத் தடத்தில் போனாள்.

தாணுலிங்கம் தவித்துவிட்டார். அவள் பின்னால் போனால் நாடாக்கள் நின்றுவிடும். நாடா எடுக்கப் போனால் அவள் கண்ணை விட்டுப் போய்விடுவாள். விழுந்தடித்துக்கொண்டு நேர்கோட்டில் ஏறினார், நாடாக்களை அவிழ்த்தும் பிய்த்தும் பையில் திணித்தார். ஒரு நாடா ஆட்டின் வாயில் பாதி தொங்கியது. அதை விட்டுவிட்டார். உச்சிக்கு வந்து நாலு பக்கமும் பார்த்தார். அவளைக் காணவில்லை.

“ஆவுட!”

பதில் இல்லை. முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் நிலத்துக்கு எல்லை காட்டினவர், தன் பெண்டாட்டி எந்தத் திசையில் இருக்கிறாள் என்று தெரியாமல் தேரி உச்சியில் நின்றார்.

“இங்க வாங்க,” என்று சத்தம் கேட்டது.

தேரியின் பின்தோளில், ஒரு கொல்லாமரத்து நிழலில் அவள் உட்கார்ந்திருந்தாள். காலணியைக் கழற்றி வைத்திருந்தாள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

கீழே செம்மணல் இறங்கிப் போயிற்று. அதற்கப்புறம் பனைகள், பனைக்கு நடுவில் சுனைத் தண்ணீர் ஒரு துண்டு. அதற்கும் அப்பால் கடல் மொத்தமும் கிடந்தது. கடலோரத்தில் சந்தியாகுபுரத்துக் கோயில் சாக்பீஸ் துண்டு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. மூன்று வருடத்தில் அந்தத் தேரியில் நூறு தடவை ஏறி இறங்கியிருப்பார். நேராக ஏறி நேராக இறங்கினவருக்கு இந்தத் தோள் ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை.

“இதத்தான சொன்னிய?” என்றாள் ஆவுடையம்மாள்.

“இல்ல. இத நான் பாத்ததில்ல.”

அவர் உட்கார்ந்தார். அவளுக்கு மூச்சு அடங்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்தபிறகு, சுனைக்கு அவள் முன்னால் இறங்க, அவர் அவள் கால் எங்கே பதிகிறது என்று பார்த்துக்கொண்டே பின்னால் இறங்கினார். பாதி தூரம் போனதும், ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, அவர் திரும்ப ஏறி மறுபக்கம் ஓடினார். மூச்சு இரைக்க வந்து சேர்ந்தபோது எங்கே போனீர்கள் என்று அவளும் கேட்கவில்லை.

கோயில் வாசலுக்கு அவர்கள் வந்தபோது மணி பத்தே முக்கால். பந்தல் பிரித்துவிட்டார்கள். வந்தவர்களெல்லாம் பஸ் ஏறிவிட்டார்கள். டீச்சர் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆவுடையம்மாளைக் கண்டதும் எழுந்து, நாற்காலியை அவளுக்குக் கொடுத்து, ஈரத்துணி சுற்றி வைத்திருந்த மண்பானையிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார்.

காலையில் வந்தவர்களெல்லாம் சூரியனைப் பற்றித்தான் பேசினார்களாம். இப்படி ஒரு பாதை கண்டதில்லை என்றார்களாம். டீச்சர் அதைச் சொன்னபோது தாணுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மாதமாகக் கேட்க ஏங்கியிருந்த பேச்சு, கேட்டபோது யாரையோ சொல்கிற மாதிரி இருந்தது.

“உங்களுக்கு எப்படி இருந்துக்கா?” என்று டீச்சர் ஆவுடையம்மாளிடம் கேட்டார்.

அவள் மோரை முடித்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“மூணு வருசமா விடியக்காலம் இவுக முதுகத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு எனக்குப் பொறத்தால வந்தாக. அது நல்லா இருந்துது.”

தாணுலிங்கம் பையைத் தோளிலிருந்து எடுத்து டீச்சரின் காலடியில் வைத்தார்.

“பை எனக்கு வேண்டாம் டீச்சர். வேற ஆளப் பாத்துக்கிடுங்க.”

“ஏன்?”

“நான் எனக்குத்தான் பாதை போட்டிருக்கேன். இவ வரும்போது அங்க ஒண்ணுமே இல்ல. தண்ணிகூட இல்ல.”

டீச்சர் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையைக் கவிழ்த்து, நாடாக்களைப் பத்துப் பத்தாக அடுக்க ஆரம்பித்தார். அவர் வழக்கமே அதுதான். எண்ணாமல் பையைக் கட்டமாட்டார். தாணுலிங்கமும் எதிரில் உட்கார்ந்து அடுக்கினார்.

“இருநூத்தி ஆறு இருக்கு. எத்தனை கட்டினிய?”

“இருநூத்திப் பன்னண்டு. நாலு கடல்ல போயிட்டு. ஒண்ண ஆடு தின்னுட்டு.”

“இன்னும் ஒண்ணு?”

ஆவுடையம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, மறந்துட்டியளா?”

“மறக்கல டீச்சர். ஆட்டுத்தடம் பிரியுற எடத்துல, உடைமரத்துல கட்டிட்டு வந்தேன். தாழக் கட்டியிருக்கேன். பின்னால வர ஆளில்லன்னு தெரியும். ஒண்ணு விடாம எடுத்துட்டு வரணும்னு நீங்க சொன்னதும் தெரியும். ஆனா கட்டாம வர மனசு வரல.”

டீச்சர் கையிலிருந்த கடைசி நாடாவைச் சுருட்டினார். எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினார். கட்டின பையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

“அப்ப அடுத்த வருசப் பாதைல ஒண்ணு கட்டியாச்சு. மிச்சத்தையும் நீங்களே கட்டுங்க அண்ணாச்சி.”